பெயரளவு நாடொன்றின் தூதராகத் தொடங்கியவர்: ஹென்னாதி உதோவென்கோ

உக்ரைனியத் தூதர் ஹென்னாதி உதோவென்கோவைப் பற்றி எழும் கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. 1991 வரை சோவியத் ஒன்றியத்தின் ஒரு குடியரசாக மட்டுமே இருந்த உக்ரைனுக்கு, சுதந்திரம் அறிவித்த மறுநாளிலிருந்தே உலக அரங்கில் பேசத் தெரிந்த தூதர்கள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்பது முதல் பகுதி. அவர்களில் ஒருவரான உதோவென்கோ, உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் எழுதிக் கொடுத்த 1994ஆம் ஆண்டின் புடாபெஸ்ட் உடன்பாட்டுக் காலத்தில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர் என்பதால், அணு ஆயுதங்களைக் கைவிட்டுவிட்டுப் பாதுகாப்பையும் இழந்த பழி அவரைச் சேருமா என்பது இரண்டாம் பகுதி. இரண்டுக்கும் அவருடைய வாழ்க்கையையே பதிலாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன், அவர் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

1944ஆம் ஆண்டு பிப்ரவரியில், போர் இன்னும் முடியாத நிலையில், சோவியத் ஒன்றியம் தன் குடியரசுகளுக்குத் தனி வெளியுறவுத் துறை வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தின் வழியே வழங்கியது. இதில் குடியரசுகளின் மீதான அக்கறையைவிட, உருவாகவிருந்த ஐக்கிய நாடுகள் சபையில் கூடுதல் வாக்குகளைப் பெறும் கணக்கே மேலோங்கியிருந்தது. அதே ஆண்டு, சபையின் அமைப்பைத் திட்டமிட அமெரிக்காவில் நடந்த டம்பர்ட்டன் ஓக்ஸ் பேச்சுவார்த்தையில் பதினாறு குடியரசுகளுக்கும் தனித்தனி இடம் கேட்டார் சோவியத் தூதர் குரோமிகோ. அமெரிக்கர்கள் திகைத்தார்கள். 1945 பிப்ரவரியில் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில் பேரம் இரண்டு கூடுதல் இடங்களில் முடிந்தது: ஒன்று உக்ரைனுக்கு, மற்றொன்று பெலாரஸுக்கு. சபையைத் தோற்றுவித்த சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் உக்ரைன் குழுவுக்குத் தலைமை தாங்கிய திமித்ரோ மனுயில்ஸ்கி, சபையின் சாசனத்துக்கான முகவுரையையும் முதல் அத்தியாயத்தையும் வகுத்த குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். உக்ரைன் அன்றிலிருந்தே சபையின் தொடக்க உறுப்பினர். ஆனால் உலகில் எந்தத் தலைநகரிலும் அதற்கென ஒரு தூதரகம் இருக்கவில்லை. 1947இல் பிரிட்டன், உக்ரைனின் தலைநகரான கீவுடன் நேரடியாகத் தூதர்களைப் பரிமாறிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தபோது பதிலே வரவில்லை. நியூயார்க்கில் இருந்த உக்ரைன் பிரதிநிதி மாஸ்கோவின் பிரதிநிதி கையைத் தூக்கும்போது தானும் தூக்குவார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தானிலிருந்து அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்று பொதுச் சபை 104 வாக்குகளால் கேட்டுக்கொண்டபோது, எதிர்த்து வாக்களித்த 18 நாடுகளில் உக்ரைனும் இருந்தது.

ஆகவே அந்த அலுவலகத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. கொள்கையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் கொள்கை வேறு, தொழில் வேறு. ஒரு தீர்மான வரைவில் எந்தச் சொற்றொடர் எந்த நாட்டின் வாக்கைக் கொண்டுவரும், எந்தக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளை எப்போது செருக வேண்டும், செயலகத்தின் எந்த அறையில் உண்மையான முடிவு எடுக்கப்படுகிறது என்பவற்றை அந்த நாற்காலிகளில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். உதோவென்கோ அப்படிக் கற்றவர்.

அவர் 1931 ஜூன் 22 அன்று, இரும்புத் தாதுச் சுரங்கங்களுக்குப் பேர்பெற்ற கிரிவி ரிக் நகரில் பிறந்தார். சரியாகப் பத்து வயது நிறைந்த நாளில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது. அந்தத் தலைமுறைக்குக் குழந்தைப் பருவம் அத்துடன் முடிந்தது. போருக்குப் பிறகு கீவின் தராஸ் ஷெவ்சென்கோ பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் பயின்று 1954இல் பட்டம் பெற்றார். படிப்புக்கும் வெளியுறவுத் துறைக்கும் நடுவே, கீவ் வட்டாரத்தில் ஒரு கூட்டுப்பண்ணையின் தலைவராகச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் பலரும் தாண்டிப் போகும் வரி. சர்வதேசச் சட்டம் படித்த ஓர் இளைஞன் உழவு, விதைப்பு, கொள்முதல் இலக்கு, மாவட்டக் கட்சிச் செயலாளரின் கோபம் ஆகியவற்றுக்கு நடுவே காலம் தள்ளியிருக்கிறான். பிற்காலத்தில் கோட்பாட்டுப் பேச்சைவிட நடைமுறைக் காரியத்தில் அவருக்கு இருந்த பிடிப்புக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

1959இல் அவர் உக்ரைன் குடியரசின் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். அதன் பிறகு வந்த பணிகளில் இரண்டு முக்கியமானவை. 1965 முதல் 1971 வரை ஜெனிவாவில், ஐ.நா.வின் தொழில்நுட்ப உதவித் திட்டங்களுக்கு வல்லுநர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் இருந்தார். 1977 முதல் 1980 வரை நியூயார்க் தலைமையகத்தில் மொழிபெயர்ப்பாளர்களையும் கூட்ட ஏற்பாடுகளையும் நிர்வகிக்கும் பிரிவின் இயக்குநராக இருந்தார். இந்த இரண்டாவது வேலையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. எந்த அறையில் எந்தக் கூட்டம், எத்தனை மணிக்கு மொழிபெயர்ப்பாளர்களின் பணிநேரம் முடிகிறது, அதற்குமேல் கூட்டத்தை நீட்டினால் யார் சம்மதிக்க வேண்டும் என்பவை அற்பமாகத் தோன்றினாலும், நள்ளிரவில் முடியும் பேச்சுவார்த்தைகளின் போக்கையே மாற்றக்கூடியவை. பின்னாளில் பொதுச் சபையின் தலைவராக வந்தவர்களில் அந்தக் கட்டடத்தின் இயந்திர அறையை இந்த அளவுக்கு அறிந்தவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

1985இல் அவர் உக்ரைனின் நிரந்தரப் பிரதிநிதியாக நியூயார்க் திரும்பியபோது, அந்தக் குடியரசு பாதுகாப்பு அவையிலும் தற்காலிக உறுப்பினராக இருந்தது. அதே 1984-85 காலத்தில் இந்தியாவும் அந்த அவையில் உறுப்பினர். அடுத்த ஆண்டே ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. தொடக்கத்தில் மூடி மறைத்த அதே அரசு, ஆண்டுகள் கழிந்து உதவி கேட்டு உலகின் முன் வந்தது. உக்ரைன், பெலாரஸ், சோவியத் ஒன்றியம் ஆகியவற்றின் முயற்சியால் 1990 டிசம்பரில் பொதுச் சபை செர்னோபில் விளைவுகளைச் சமாளிப்பதற்கான சர்வதேச ஒத்துழைப்புத் தீர்மானத்தை ஏற்றது. கீவின் சொந்தத் துயரம், மாஸ்கோவின் வரைவிலிருந்து பிரிந்து, கீவின் குரலிலேயே அந்த மன்றத்தில் பேசப்பட்ட தருணங்களில் இது ஒன்று என்று நான் மதிப்பிடுகிறேன்.

1991 ஆகஸ்ட் 24 அன்று உக்ரைன் சுதந்திரம் அறிவித்தது. யால்டாவில் ஸ்டாலின் தன் வசதிக்காகக் கேட்டு வாங்கிய இடம் எவ்வளவு பயன்பட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. மத்திய ஆசியக் குடியரசுகளும் மால்டோவாவும் புதிதாக விண்ணப்பித்து 1992இல் உறுப்பினராக வேண்டியிருந்தது. உக்ரைனோ பெயர்ப்பலகையில் இருந்த 'சோவியத் சோசலிசக் குடியரசு' என்ற பகுதியை மட்டும் நீக்கிவிட்டு அதே நாற்காலியில் தொடர்ந்து உட்கார்ந்திருந்தது. அந்த நாற்காலியில் இருந்தவர் உதோவென்கோ. டிசம்பர் 1 வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் சுதந்திரத்தை ஆதரித்தனர். மறுநாளே போலந்து அங்கீகாரம் அளித்தது. கனடாவும் அதே நாளில் அளித்தது.

1992இல் அவரை வார்சாவுக்குத் தூதராக அனுப்பியது, ஓய்வுக்கு முன்னான கௌரவப் பதவி அல்ல. உக்ரைனின் மேற்கு எல்லை, அதன் அப்பால் நிற்கும் ஐரோப்பா, இரண்டுக்கும் வாசல் போலந்து. ஆனால் அந்த வாசலில், உக்ரைனியத் தேசியவாதப் படையினர் போலந்து மக்களைக் கொன்ற 1943ஆம் ஆண்டின் வோலின் படுகொலைகளும், 1947இல் போலந்தின் உக்ரைனியச் சிறுபான்மையினர் தம் ஊர்களிலிருந்து பெயர்க்கப்பட்ட 'விஸ்துலா நடவடிக்கை'யும் கிடந்தன. இரு தரப்பிலும் பலியானவர்களின் பேரப்பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். 1992 மே மாதம் கையெழுத்தான நல்லண்டை உறவு உடன்படிக்கை எல்லையை உறுதிப்படுத்தியது. மனக்கசப்பைத் தொடுவதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

1994 ஆகஸ்ட் 25 அன்று புதிய அதிபர் லியோனித் குச்மா அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். அதுவரை அப்பதவியில் இருந்த அனத்தோலி ஸ்லென்கோ நியூயார்க்கில் உதோவென்கோவின் பழைய பணியிடத்துக்குச் சென்றார். குச்மா தேர்தலில் ரஷ்யாவோடு நெருங்கிய உறவைப் பேசி வென்றவர். ஆகவே மேற்கு நாடுகள் ஐயத்தோடு பார்த்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வார்சாவில் இருந்த ஒருவரை அமைச்சராக அழைத்தது, அந்த ஐயத்துக்கான ஒரு பதிலாகவும் அமைந்தது.

இப்போது புடாபெஸ்ட். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் 176 கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளும், ஏறக்குறைய 1,900 நெடுந்தொலைவு அணுகுண்டுகளும் இருந்தன. எண்ணிக்கையில் உலகின் மூன்றாவது பெரிய கிடங்கு. ஆனால் ஏவும் கட்டளையின் குறியீடுகள் மாஸ்கோவிடம் இருந்தன. அணு ஆயுதமற்ற நாடாக இருப்போம் என்று உக்ரைன் நாடாளுமன்றம் 1990 ஜூலையின் இறையாண்மைப் பிரகடனத்திலேயே சொல்லிவிட்டது. அப்போது செர்னோபில் நடந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை மறந்துவிட்டு அந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. 1992 மே மாதம் லிஸ்பனில் ஸ்லென்கோ கையெழுத்திட்ட நெறிமுறை, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரும் கடமையை ஏற்றது. 1994 ஜனவரியில் மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் கிளிண்டன், ரஷ்ய அதிபர் யெல்ட்சின், அப்போதைய உக்ரைன் அதிபர் கிராவ்சுக் ஆகிய மூவரும் வெளியிட்ட அறிக்கை, குண்டுகளை ரஷ்யாவுக்கு அனுப்புவதையும் அதற்கு ஈடாக அணு மின் நிலையங்களுக்கு எரிபொருள் பெறுவதையும் முடிவு செய்தது.

உதோவென்கோ பதவியேற்றது இவை எல்லாம் முடிந்த பிறகு. நவம்பர் 16 அன்று நாடாளுமன்றம் 301 வாக்குகளுக்கு எதிராக 8 என்ற பெரும்பான்மையில் பரவல் தடை ஒப்பந்தத்தை ஏற்றது. டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் குச்மா, யெல்ட்சின், கிளிண்டன், பிரிட்டன் பிரதமர் ஜான் மேஜர் ஆகிய நால்வரும் கையெழுத்திட்டனர். எல்லைகளை மதிப்போம், படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம், பொருளாதார நெருக்குதல் கொடுக்க மாட்டோம் என்று எழுதிய அந்த ஆவணத்தில், மீறல் நடந்தால் கலந்து பேசுவோம் என்பதற்கு அப்பால் செயல்வழி எதுவும் இல்லை. வாஷிங்டன் அதற்குமேல் ஒரு ராணுவக் கடப்பாட்டை ஏற்கத் தயாராக இருக்கவில்லை. மூன்று மாத அமைச்சர் ஒருவர் அதை மாற்றியிருக்க முடியும் என்று நினைப்பதற்கு ஆதாரமில்லை. ஆகவே இரண்டாம் கேள்விக்கு என் பதில்: அந்த உடன்பாட்டின் குறைகள் மெய்யானவை, ஆனால் அவற்றை உதோவென்கோவின் கணக்கில் எழுதுவது காலவரிசையைப் பாராத தீர்ப்பு. மீறியவரின் பொறுப்பை எழுதியவர் மீது சுமத்துவது வேறொரு தவறு.

அவருடைய கணக்கில் எழுத வேண்டியது வேறு. அண்டை நாடுகள் ஒவ்வொன்றிடமும் உக்ரைனின் எல்லைகளை ஏற்றுக் கையெழுத்து வாங்குவதே தன் பதவிக்காலத்தின் வேலை என்று அவர் நடந்துகொண்டார். மிகக் கடினமானது ரஷ்யா. 1992இல் ரஷ்ய நாடாளுமன்றம், கிரிமியாவை உக்ரைனுக்கு மாற்றிய 1954ஆம் ஆண்டின் முடிவு செல்லாது என்றது. 1993 ஜூலையில் கிரிமியாவின் துறைமுகமான செவஸ்தோபோல் ரஷ்ய நகரம் என்று தீர்மானம் போட்டது. உக்ரைன் அதைப் பாதுகாப்பு அவைக்குக் கொண்டுபோனபோது, அந்தத் தீர்மானம் செல்லாது என்று அவை அறிவித்தது. அந்த அறிவிப்பில் ரஷ்யத் தூதரும் உடன்பட்டிருந்தார் என்பது இன்று நம்ப முடியாத செய்தியாக இருக்கும். ஆனாலும் 1996 டிசம்பரில் ரஷ்ய மேலவை அதே உரிமைகோரலை மீண்டும் எழுப்பியது. ரஷ்யாவுடனான பெரும் உடன்படிக்கையின் வாசகம் 1995 பிப்ரவரியிலேயே இருதரப்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தும், செவஸ்தோபோலில் இருந்த முன்னாள் சோவியத் கருங்கடல் கடற்படையைப் பங்கிடும் தகராறைக் காரணம் காட்டி யெல்ட்சின் தன் கீவ் பயணத்தைப் பலமுறை தள்ளிப்போட்டார்.

முடிச்சை அவிழ்த்தது மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் விரிவாக்கம். 1997 ஜூலையில் மாட்ரிட் உச்சி மாநாட்டில் போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு ஆகியவற்றுக்கு அழைப்பு வரப்போகிறது என்பது தெளிவானதும், உக்ரைன் மேற்கின் பக்கம் முற்றிலும் சாய்ந்துவிடாமல் இருக்க மாஸ்கோ ஏதேனும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அழைப்பை எதிர்பார்த்திருந்த ருமேனியாவுக்கோ அண்டை நாட்டுடன் எல்லைத் தகராறு இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. கீவ் அந்தச் சில வாரங்களின் அருமையை உணர்ந்து செயல்பட்டது. மே 21 அன்று போலந்து அதிபர் குவாஸ்னியெவ்ஸ்கியும் குச்மாவும் நல்லிணக்கக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். மே 28 அன்று கடற்படை உடன்பாடு: செவஸ்தோபோல் தளம் இருபது ஆண்டுகளுக்குக் குத்தகை, ஆண்டுக்கு 9.775 கோடி டாலர், அதுவும் ரொக்கமாக அல்ல, உக்ரைனின் எரிவாயுக் கடனில் கழிவாக. மே 31 அன்று யெல்ட்சின் ஒருவழியாகக் கீவுக்கு வந்து எல்லைகளை மதிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ஜூன் 2 அன்று கான்ஸ்டன்ட்சாவில் ருமேனியாவுடன் உடன்படிக்கை. ஜூலை 9 அன்று மாட்ரிடில் நேட்டோவுடனான சிறப்புக் கூட்டுறவுச் சாசனம். ஏழே வாரங்களில் நடந்தவை இவை. இதற்கு ஈடான இன்னொரு பருவத்தை உக்ரைன் வெளியுறவு வரலாற்றில் காட்டுவது கடினம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, அதிகம் பேசப்படாத ருமேனிய ஏற்பாடு. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட அதே நாளில், உதோவென்கோவும் ருமேனிய வெளியுறவு அமைச்சர் அத்ரியான் செவெரினும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். கருங்கடலில் பாம்புத் தீவைச் சுற்றியுள்ள கடற்பரப்பையும் அதன் அடித்தளத்தையும் எப்படிப் பிரிப்பது என்று இரு நாடுகளும் பேச வேண்டும், எந்தெந்தக் கோட்பாடுகளின்படி பேச வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் முடியாவிட்டால் எந்தத் தரப்பும் சர்வதேச நீதிமன்றத்தை நாடலாம் என்று அவற்றில் எழுதப்பட்டிருந்தது. பேச்சு முடியவில்லை. 2004இல் ருமேனியா, அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் சென்றது. நீதிமன்றம் தன் அதிகாரத்தை அந்தக் கடிதங்களின் மீதே நிறுவி, 2009 பிப்ரவரி 3 அன்று தீர்ப்பளித்தது. சர்ச்சைக்குரிய பரப்பின் பெரும்பகுதி ருமேனியாவுக்குப் போனது. பாம்புத் தீவுக்குப் பன்னிரண்டு கடல்மைல் எல்லைக்கு மேல் உரிமை கிடைக்கவில்லை. உக்ரைனில் சிலர் இதற்காக உதோவென்கோவைக் குறை சொல்வதுண்டு. எண்ணெயும் எரிவாயுவும் இருக்கும் கடலில் இழப்பு இழப்புதான். ஆனால் தீர்ப்பை இரு நாடுகளும் ஏற்றன, ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை, தீவு உக்ரைனுடையது என்பதில் ருமேனியா அதன் பிறகு கேள்வி எழுப்பவில்லை. அவர் கையாண்ட ஆவணங்களிலேயே, தகராறு வந்தால் என்ன செய்வது என்பதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது இது ஒன்றுதான். ரஷ்யாவுடனான உடன்படிக்கைக்கு அப்படியொரு நடுவர் இருக்கவில்லை. 2014இல் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனபோது அந்த உடன்படிக்கை சட்டப்படி நடைமுறையில்தான் இருந்தது. உக்ரைன் புதுப்பிக்காமல் விட்டதால் 2019இல் காலாவதியானது.

1997 செப்டம்பர் 16 அன்று அவர் பொதுச் சபையின் 52ஆம் அமர்வுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமைச்சர் பதவியையும் விடவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை இரண்டையும் சுமந்தார். அந்த ஆண்டு சபையின் பெரிய வேலை, பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் முன்வைத்திருந்த நிர்வாகச் சீர்திருத்தம். நவம்பரிலும் டிசம்பரிலும் நிறைவேறிய தீர்மானங்களால் துணைப் பொதுச் செயலாளர் பதவி உருவாயிற்று. கனடாவின் லூயிஸ் ஃபிரெஷெட் அதில் முதலாவதாக அமர்ந்தார். 1998 ஜூலையில் பாலஸ்தீனத்தின் பங்கேற்பு உரிமைகளை உயர்த்திய தீர்மானமும் உதோவென்கோவின் தலைமையில்தான் வந்தது. பாதுகாப்பு அவை விரிவாக்கம் மட்டும் அசையவில்லை. முந்தைய தலைவரான மலேசியாவின் ரஸாலி இஸ்மாயில், ஐந்து புதிய நிரந்தர இடங்களோடு மொத்தம் 24 உறுப்பினர் கொண்ட அவையை முன்மொழிந்துவிட்டுப் போயிருந்தார். அந்தத் திட்டத்தைக் கருத்தொற்றுமைக்குக் கொண்டுவர உதோவென்கோவின் குழுவால் முடியவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களாலும் முடியவில்லை. அவருடைய அமர்வு நடந்துகொண்டிருந்தபோதே, 1998 மே மாதத்தில், இந்தியாவின் பொக்ரானிலும் பாகிஸ்தானின் சாகையிலும் அணு சோதனைகள் நடந்தன. தன் மண்ணிலிருந்த கடைசி அணுகுண்டை இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் அனுப்பிவைத்த ஒரு நாட்டின் மனிதர் அப்போது சபைத் தலைவராக இருந்தார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

அதற்குப் பின்னான அரசியல் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவருடைய திறமை வேறு இடத்தில் இருந்தது. 1998 தேர்தலில் ரூக் எனப்படும் மக்கள் இயக்கத்தின் பட்டியலில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரானார். அமைச்சகம் போரிஸ் தராசியுக்கிடம் போனது. 1999 மார்ச் 25 அன்று இயக்கத்தின் தலைவர் வியாசெஸ்லாவ் சோர்னோவில் கார் விபத்தில் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னரே இயக்கம் இரண்டாக உடைந்திருந்தது. ஒரு பாதியின் தலைமை உதோவென்கோவிடம் வந்தது. அந்த அக்டோபரில், தான் அமைச்சராக இருந்து சேவை செய்த குச்மாவை எதிர்த்தே அதிபர் தேர்தலில் நின்று 1.22 விழுக்காடு வாக்குகள் பெற்றார். மறு பாதியின் யூரி கோஸ்தென்கோ 2.17 விழுக்காடு. இரண்டையும் கூட்டினாலும் போட்டியாகாது. சோவியத் அமைச்சகத்தில் வளர்ந்த ஒருவர், சோவியத் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் இருந்த சோர்னோவிலின் கட்சிக்குத் தலைவரானதைச் சந்தர்ப்பவாதம் என்று சொன்னவர்களும் உண்டு. 1991க்குப் பிந்தைய அவருடைய ஒவ்வொரு செயலையும் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2003 வரை கட்சித் தலைவராகவும், 2006 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். மனித உரிமைகள், தேசியச் சிறுபான்மையினர் ஆகியவற்றுக்கான குழுவின் தலைமையையும் ஏற்றார்.

2013 பிப்ரவரி 12 அன்று கீவில் இறந்தார். அவர் அமைச்சராக இருந்த 1995இல் தொடங்கப்பட்ட தூதரகப் பயிற்சிக் கழகம் இப்போது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. முதல் கேள்விக்கு, அதாவது தூதர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதற்கு, இன்றைய உக்ரைனில் கிடைக்கும் பதில்களில் அந்தக் கழகமும் ஒன்று.